மதுச் சட்டம் மாறும்போது நாம் செய்யும் தவறுகள்

தமிழ்நாட்டில் அரசே மது விற்கிறது. அந்த விற்பனைக்கு மேலே நிற்கும் சட்டத்தின் பெயர் 1937ஆம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம். சிரிப்பு வரும், ஆனால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. மூலச் சட்டம் மதுவைத் தடை செய்கிறது. யார் விற்கலாம், எங்கே, எத்தனை மணிவரை என்பதையெல்லாம் அதன் கீழ் வரும் விதிகள் சொல்கின்றன. ஹோட்டல், கிளப் உரிமங்களுக்கு 1981ஆம் ஆண்டு விதிகள். டாஸ்மாக் கடைகளுக்கும் பார்களுக்கும் 2003ஆம் ஆண்டு விதிகள். ஆகவே, சட்டத்தை மட்டும் படித்துவிட்டு "இப்படித்தான் இருக்கிறது" என்று முடிவுகட்டுவதுதான் முதல் தவறு.

விதியை மாற்றச் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவர வேண்டியதில்லை. அரசிதழில் அறிவிக்கை வந்தால் போதும். 2023இல் எஃப்.எல்.12 என்ற சிறப்பு உரிமம் அப்படித்தான் வந்தது. மாநாட்டு அரங்கம், விளையாட்டு மைதானம், திருமண மண்டபம் எல்லாவற்றிலும் மது பரிமாறலாம் என்று மார்ச் மாத அறிவிக்கை சொன்னது. ஏப்ரலில்தான் அது செய்தியாகி எதிர்ப்பு கிளம்பியது. உடனே மண்டபங்களை நீக்கித் திருத்தம் வந்தது. முதல் செய்தியை மட்டும் நினைவில் வைத்திருப்பவர் "கல்யாண மண்டபத்திலேயே லைசென்ஸ் வாங்கலாமே" என்பார். பாதி தெரிந்தவரின் உறுதி எப்போதும் கொஞ்சம் கூடுதல்தான்!

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: அறிவிப்பு வந்தவுடனே சட்டம் மாறிவிட்டதாக நம்புவது. மது வாங்கும் வயதை 25இலிருந்து 21ஆகக் குறைப்பதாக டெல்லி அரசு 2021 மார்ச்சில் அறிவித்தது. நாடு முழுக்கத் தலைப்புச் செய்தி. ஆனால் டெல்லி கலால் சட்டத்தில் இருந்த 25 திருத்தப்படவில்லை. வயது மாறவே இல்லை. கர்நாடகத்தில் இன்னொரு வகைக் குழப்பம். அங்கே கலால் சட்டம் 18 என்கிறது, உரிமங்களுக்கான விதி 21 என்கிறது. கடைக்காரரைக் கட்டுப்படுத்துவது 21தான். விதியையும் 18 ஆக்க 2023 ஜனவரியில் ஒரு வரைவு வந்தது, எதிர்ப்பு எழுந்ததும் கைவிடப்பட்டது. வரைவு, அமைச்சரவை முடிவு, அரசாணை, அரசிதழ் அறிவிக்கை, அமலுக்கு வரும் தேதி எல்லாம் வேறு வேறு. செய்தியைப் படிக்கும்போது இவற்றில் எது நடந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அப்புறம், ஒரு மாநிலத்தின் பழக்கத்தோடு இன்னொரு மாநிலத்துக்குப் போவது. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி மது மாநிலங்களின் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வயது 21, கேரளத்தில் 23, புதுச்சேரியிலும் கோவாவிலும் 18. மகாராஷ்டிரத்தில் பீருக்கு ஒரு வயது, மற்றவற்றுக்கு வேறு வயது. குடிக்கும் மதுவுக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. வரி முழுக்க மாநிலத்துக்கே போகிறது. புதுச்சேரியில் மலிவாக வாங்கிய பாட்டிலை எல்லையில் பிடிப்பது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதில்தான் பதில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குத் தீர்வை கட்டாத சரக்கு அது. "பில் இருக்கிறதே" என்று காட்டினாலும், அது அந்த ஊர் வரியைக் கட்டியதற்கான பில்.

தொழிலில் இறங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு, உரிமத்தைச் சொத்தாக நினைப்பது. மது வியாபாரம் அடிப்படை உரிமை அல்ல என்று கோடே டிஸ்டிலரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அரசு நினைத்தால் கொள்கையே புரண்டுவிடும். டெல்லியில் 2021 நவம்பர் 17 அன்று சில்லறை விற்பனை முழுவதும் தனியார் கைக்குப் போனது. மறு ஆண்டு செப்டம்பர் 1 அன்று அரசுக் கடைகளுக்கே திரும்பியது. பத்து மாதம்கூட இல்லை. ஆந்திரத்தில் 2019இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, 2024 அக்டோபரில் மறுபடி தனியாருக்குக் கொடுத்தது. அப்போது 3,396 கடைகளுக்கு ஏறத்தாழ 90,000 விண்ணப்பங்கள். ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 2 லட்சம் ரூபாய், குலுக்கலில் விழாவிட்டாலும் திரும்பாது. இதை வைப்புத்தொகை என்று எண்ணிக் கடன் வாங்கிப் பல விண்ணப்பம் போடுபவரை என்ன சொல்வது?

இடம் பிடிப்பதிலும் பாதி நினைவு ஆபத்துதான். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. 20,000 பேருக்கு மேல் மக்கள்தொகை இல்லாத ஊர்களுக்கு அதை 220 மீட்டராக 2017 மார்ச்சில் குறைத்தது பலருக்குத் தெரியாது. நகராட்சி எல்லைக்குள் இருக்கும் கடைகளை அந்தத் தடை கட்டாது என்று அதே ஆண்டு ஜூலையில் வந்த விளக்கம் இன்னும் குறைவான பேருக்குத்தான் தெரியும்.

தண்டனையில் பழைய கணக்கு வைத்திருப்பவர்களும் உண்டு. "பிடித்தால் அபராதம் கட்டிவிட்டு வரலாம்" என்ற பேச்சு தமிழ்நாட்டில் இனி எடுபடாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மாதமே மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது, ஜூலையில் ஆளுநர் ஒப்புதலும் கிடைத்தது. கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் விற்றவருக்கு ஆயுள் சிறையும், 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. பீகாரில் கதை வேறு. அங்கே 2016 முதல் முழு மதுவிலக்கு. முதல்முறை குடித்துப் பிடிபட்டவர் அபராதம் கட்டிப் போகலாம் என்று 2022இல் தளர்த்தினார்கள். சரி, விலக்கே தளர்ந்துவிட்டது என்று நினைத்துப் பையில் இரண்டு பாட்டிலோடு பாட்னா ரயில் ஏறினால் கதை மாறிவிடும். அந்தச் சலுகை குடித்தவருக்குத்தான், கொண்டுபோகிறவருக்கு இல்லை.