செம்பரம்பாக்கம் ஏரியின் ஆழ வரைபடம்: கரையோரத்தையே அளவுகோலாக்கும் வழி

ஏரியின் ஆழத்தைக் கணக்கிட, இணையத்திலிருந்து தரை உயரத் தரவை இறக்குவதற்கு முன் அது எடுக்கப்பட்ட தேதியைப் பாருங்கள். ரேடார் தண்ணீருக்குள் இறங்காது. 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவில், அன்று தண்ணீர் நின்ற இடமெல்லாம் தட்டையாகக் கிடக்கும். 2003இல் நீர் தேக்கத் தொடங்கிய சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணைக்கு இதே தரவு பொக்கிஷம்: முழு நீர்மட்டமான 175 மீட்டரிலிருந்து தரை உயரத்தைக் கழித்தால் ஆழம் வந்துவிடும் (பழைய ஆற்றின் ஆழம் மட்டும் விடுபடும்). செம்பரம்பாக்கத்துக்கு அது ஆகாது. இங்கே முழு ஆழமே 24 அடி, அதாவது 7.3 மீட்டர். சில மீட்டர் பிழையுள்ள தரவு எதைக் காட்டும்?

ஏரி வற்ற வற்றக் கரையோரம் உள்ளே நகர்கிறது. ஒவ்வொரு கரையோரமும் ஒரு சம உயரக் கோடு. சென்டினல்-2 (ஐரோப்பியச் செயற்கைக்கோள்) படங்களில் மேகமில்லாதவற்றை, நீர்மட்டம் 2 அடிக்கு ஒன்றாக, பன்னிரண்டு எடுங்கள். ஏரி வறண்ட 2019 ஜூன் படம் கட்டாயம் வேண்டும். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் யுடிஎம் 44 வடக்கு என்ற மீட்டர் ஆயமுறைக்கு மாற்றி, படத்தின் பச்சை ஒளிப் பட்டையிலிருந்து (பட்டை எண் 3) அண்மை அகச்சிவப்புப் பட்டையைக் (எண் 8) கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். பூஜ்யத்துக்கு மேல் வந்தால் தண்ணீர். எல்லையைக் கோடாக்கி, சென்னைக் குடிநீர் வாரியம் அந்தத் தேதிக்கு வெளியிட்ட நீர்மட்டத்தை அதற்குக் கொடுங்கள். அந்த எண் கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை அடி என்ற கணக்கில் இருக்கும். முழு மட்டம் 85.40 அடி.

ஒரு புள்ளியே (பிக்சல்) 10 மீட்டர் அகலமுள்ள படத்தை வைத்து ஆழம் அளக்க முடியுமா என்று தோன்றும். படுகைச் சரிவு 500க்கு 1 (500 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் இறக்கம்) என்றால், 10 மீட்டர் கிடைமட்டப் பிழை உயரத்தில் 2 சென்டிமீட்டர்தான். அதே பிழை 2க்கு 1 சரிவுள்ள, கட்டிய கரையில் 5 மீட்டர் ஆகிவிடும். அதனால் கட்டிய கரையை ஒட்டிய கோடுகளை நம்பாதீர்கள். அங்கே குண்டு கட்டிய கயிற்றை இறக்கி அளப்பதே மேல்.

குறைந்த மட்டத்தின் கோடு, கூடிய மட்டத்தின் கோட்டுக்கு வெளியே போனால் நிறுத்துங்கள். தேதி மாறியிருக்கும், அல்லது இடையில் மண் எடுத்திருப்பார்கள், அல்லது ஆகாயத்தாமரையோ நெய்வேலிக் காட்டாமணக்கோ தண்ணீரை மூடித் தரையாகக் காட்டியிருக்கும். செடி மண்டிய இடத்தில் கோட்டைக் கையால் திருத்துங்கள்.

அடுத்து, கோடுகளை முக்கோணங்களால் இணைத்துத் தரைப் பரப்பை உருவாக்கும் டின் (TIN) இடைச்செருகலில் இந்தக் கோடுகளைப் புள்ளிகளாகக் கொடுக்காமல் 'கட்டமைப்புக் கோடு' வகையாகக் கொடுங்கள். அப்படியும் வளைவுகளுக்குள் ஒரே கோட்டின் மூன்று புள்ளிகள் சேர்ந்து தட்டை முக்கோணம் உண்டாகும். வளைவின் நடுவே, அந்தக் கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைப்பட்ட உயரத்தில் நாலைந்து புள்ளிகள் வைத்தால் சரியாகும். கடைசிக் கோட்டுக்குள்ளே எதுவும் தெரியாது. சவுடு மண் எடுத்த பள்ளங்களுக்கும் மதகடிக்கும் கயிறு அளவுதான் வழி.

85.40இலிருந்து இப்படிக் கிடைத்த தரைப் பரப்பின் உயரத்தைக் கழித்து, அடியை 0.3048ஆல் பெருக்கினால் மீட்டரில் ஆழம். பிறகு முழு மட்டத்துக்குக் கீழுள்ள கன அளவைக் கணக்கிடுங்கள். ஏரியின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, அதாவது 10.32 கோடி கன மீட்டர். கொஞ்சம் குறைந்தால் வண்டல் காரணமாக இருக்கலாம். பாதிக்குப் பாதி குறைந்தால் அடி, மீட்டர் மாற்றத்தை முதலில் சரிபாருங்கள்.