பழைய லெப்டொப்பில் விண்டோஸைத் தொடாமல் லினக்ஸ் போடுவது

ஏஎல்லுக்கு ஐசிடி எடுத்த பிள்ளைகளும் அறிவியல் நகர் கம்பஸுக்குப் புதிதாக வருகிறவர்களும் கேட்கிற முதல் கேள்வி, விண்டோஸை அழிக்காமல் லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம்) பழகலாமா என்பதுதான். தாராளமாகப் பழகலாம். வேர்ச்சுவல்பொக்ஸ் என்ற சொஃப்ட்வெயார் இலவசம், அதைப் போட்டால் விண்டோஸுக்கு உள்ளேயே இன்னொரு கம்பியூட்டர் ஓடும், பிடிக்காவிட்டால் அதை மட்டும் தூக்கி எறியலாம். ஆனால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ செக்கண்ட் ஹேண்டாக வாங்கிய 4 ஜிபி ரேம் மெஷின் என்றால் லினக்ஸின் பிரபல வகையான உபுண்டு டெஸ்க்டொப்பை மறந்துவிட்டு அதன் இலேசான வடிவமான லுபுண்டு எடுங்கள்.

லுபுண்டு ஐஎஸ்ஓ, அதாவது இன்ஸ்டோல் பண்ணுகிற ஃபைல், 3 ஜிபி சொச்சம். ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் இறக்குவதென்றால் நைட் டேட்டா நேரத்துக்கு விடுங்கள், இல்லையேல் வைத்திருக்கிற யாரிடமாவது பென்ட்ரைவில் வாங்குங்கள். பென்ட்ரைவ் எஃப்ஏடி32 ஃபோர்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் அதில் ஏறாது, உபுண்டுவின் பெரிய ஐஎஸ்ஓவைக் கொப்பி பண்ணும்போது பலர் முழிப்பது இதனால்தான். எப்படிக் கிடைத்தாலும் விண்டோஸின் செர்ட்யூட்டில் கட்டளையால் எஸ்எச்ஏ256 எண்ணை (ஃபைலின் கைரேகை மாதிரி) எடுத்து லுபுண்டு தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். சிக்னல் விட்டுவிட்டு வந்து ஃபைல் பழுதாகியிருந்தால் இன்ஸ்டோல் அரைவாசியில் நிற்கும், காரணமும் விளங்காது.

அடுத்தது டாஸ்க் மனேஜர். பெர்ஃபோர்மன்ஸ், சிபியூ, அங்கே வேர்ச்சுவலைசேஷன் எனேபிள்ட் என்று இருக்க வேண்டும். டிசேபிள்ட் என்றால் பயோஸுக்குள் (மெஷின் ஓன் ஆகும்போது திறக்கிற செட்டிங்) போய் இன்டெலில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம் என்று இருப்பதைத் திறந்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் பிறகு லுபுண்டு ஓடும்போது ஊர்கிறதா? அந்த வேர்ச்சுவல்பொக்ஸ் ஜன்னலின் கீழ் மூலையில் பச்சை ஆமைப் படம் தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் விண்டோஸின் சொந்த வேர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது, அதை நிறுத்த வேண்டும்.

சரி, இப்போது வேர்ச்சுவல்பொக்ஸைத் திறந்து நியூ. பெயர், ஐஎஸ்ஓ இரண்டையும் கொடுத்த கையோடு அன்அட்டென்டட் இன்ஸ்டோலேஷன் என்பதை நிறுத்திவிடுங்கள். விட்டால் அதுவாகவே ஒரு யூசரை உருவாக்கிப் போட்டுவிடும், பிறகு சூடோ (அட்மின்) அனுமதி இல்லை என்று டெர்மினல் மறுக்கும்போது தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். ரேம் 4 ஜிபியில் 2 கொடுங்கள், பிரவுசரை மூடிவிடுங்கள். சிபியூ 2. டிஸ்க் 25 ஜிபி, டைனமிக். எழுத எழுதத்தான் அது இடம் எடுக்கும், ஆனால் ஒருமுறை வளர்ந்தது உள்ளே ஃபைல்களை அழித்தாலும் தானாகச் சுருங்காது, அதனால் டி டிரைவில் இடம் இருந்தால் ஃபோல்டரை அங்கே மாற்றுங்கள்.

ஸ்டார்ட் கொடுத்து இன்ஸ்டோல் தொடங்கினால் இரேஸ் டிஸ்க் என்ற இடத்தில் எல்லாருக்கும் கை நடுங்கும், அப்பாவின் ஃபோட்டோ எல்லாம் போய்விடுமோ என்று. போகாது. லுபுண்டுவின் கண்ணுக்குத் தெரிவது நீங்கள் இப்போது உருவாக்கிய 25 ஜிபி மட்டும், உண்மையில் அது விண்டோஸில் கிடக்கிற ஒரு விடிஐ ஃபைல். தைரியமாக அழுத்துங்கள் (நேரடியாக லெப்டொப்பில் லினக்ஸ் போடும்போது இந்தத் தைரியம் வேண்டாம்). நேர வலயம் கொழும்பு. மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் வலதுபக்கக் கன்ட்ரோல் கீ.

முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் திரை சின்னதாகத் தெரியும், வேர்ச்சுவல்பொக்ஸின் துணை சொஃப்ட்வெயாரான கெஸ்ட் அடிஷன்ஸ் போட்டால் சரியாகிவிடும். அதற்கு ஜிசிசி, மேக் போன்ற கருவிகள் நெட்டிலிருந்து இறங்க வேண்டும், அதுவரை டேட்டாவைத் தீர்த்துவிடாதீர்கள்.

அப்புறம் கரண்ட். பற்றரி இறந்த லெப்டொப்பில் அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் அந்த விடிஐ பழுதாகலாம். ஆகவே வானம் இருட்டினால் மூடும்போது சேவ் த மெஷின் ஸ்டேட்டைத் தெரிவு செய்யுங்கள், அடுத்த முறை விட்ட இடத்திலேயே திறக்கும். எல்லாம் ஒழுங்காக ஓடுகிற அன்றைக்கே ஒரு ஸ்னப்ஷொட் (பிறகு திரும்பி வரக்கூடிய அன்றைய நிலையின் பதிவு) எடுங்கள், நாலைந்து வேண்டாம், டிஸ்க்கைத் தின்றுவிடும். அசைன்மென்ட்டை மட்டும் வெளியே ஒரு பென்ட்ரைவில் வையுங்கள், விடிஐ போனால் ஸ்னப்ஷொட்டும் சேர்ந்தே போய்விடும்.