தெருவில் டெங்கு வந்தால் முதலில் ஒரு நோட்டு எடுங்கள்

தெருவில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் என்றதும் எல்லோரும் கேட்பது, புகை மருந்து வண்டி எப்போது வரும் என்றுதான். வரட்டும். ஆனால் புகை பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், தொட்டிக்குள் நெளிகிற புழுவை ஒன்றும் செய்யாது, அது சில நாளில் கொசுவாகிப் பறந்துவிடும். அதனால் நாமே இறங்க வேண்டும், அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

வரிக்கு ஓர் ஆள். கதவு எண், வயது, காய்ச்சல் தொடங்கிய தேதி, பகலில் எங்கே இருப்பார், ரத்தப் பரிசோதனை முடிவு. தேதியில் மட்டும் கறாராக இருங்கள். ஆஸ்பத்திரிக்குப் போன தேதி வேண்டாம், உடம்பு சுட ஆரம்பித்த தேதிதான் வேண்டும். கடி வாங்கி 4 முதல் 10 நாளில் காய்ச்சல் வரும் என்பதால், அதிலிருந்து பின்னால் எண்ணினால் எந்த வாரம் எங்கே கடித்திருக்கும் என்று பிடித்துவிடலாம்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கிற கொசு, அதனால்தான் பகலில் எங்கே என்று கேட்கச் சொல்கிறேன். எங்கள் தெருவில் மூன்று பிள்ளைகளுக்கு வந்தபோது மூன்று வீட்டையும் அலசினோம், ஒரு புழு இல்லை. நோட்டைப் பார்த்தால் மூவருக்கும் சாயங்காலம் ஒரே டியூஷன். அந்த வீட்டுக் கொல்லையில் மணல் குவியலை மூடியிருந்த தார்ப்பாயின் மடிப்பில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது, இரண்டு டம்ளர்கூட இருக்காது. டார்ச் அடித்ததும் புழுக்கள் நெளிந்து நெளிந்து அடியில் இறங்கின.

சரி, தேடுவது எப்படி? இந்தக் கொசு வெகுதூரம் பறக்காது, எனவே நோயாளி வீட்டிலும் அவர் பகலில் இருக்கும் இடத்திலும் தொடங்கி, சுற்றியுள்ள வீடுகளுக்குப் போங்கள். பிரிட்ஜ் பின்னால் இருக்கும் தட்டு, ஆட்டுக்கல் குழி, பழைய டயர், கொட்டாங்குச்சி, பூந்தொட்டித் தட்டு, மூடி உடைந்த மாடித் தொட்டி. கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் போதாது, முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். நார் போட்டுத் தேய்த்துத்தான் ஆக வேண்டும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாளே போதும் என்பதால் வாரம் ஒருமுறை, ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 வீடு பார்த்து 6 வீட்டில் புழு இருந்தால் 12 சதவீதம். வாராவாரம் அந்த எண்ணை எழுதினால் வேலை நடக்கிறதா இல்லையா என்று அதுவே சொல்லும்.

காய்ச்சல்காரரை முதல் ஐந்தாறு நாள் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள், அவரைக் கடித்த கொசுதான் அடுத்தவருக்குக் கொண்டுபோகிறது. டாக்டர் சொல்கிற அளவில் பாராசிட்டமால், நிறைய நீராகாரம். ஆஸ்பிரினும் இபுப்ரூபெனும் வேண்டவே வேண்டாம். காய்ச்சல் இறங்கியதும் நிம்மதியாகிவிடாதீர்கள், ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது: கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து சுருண்டு கிடப்பது, எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

நோட்டை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், வழி தெரியாவிட்டால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கு அழையுங்கள். வாட்ஸ்அப் குழுவில் நோயாளி பெயரையோ வீட்டையோ போடாதீர்கள், ஒருமுறை போட்டால் அடுத்த வீட்டில் காய்ச்சலை மறைத்துவிடுவார்கள். கடைசிக் காய்ச்சலுக்குப் பிறகும் குறைந்தது மூன்று வாரம் நோட்டை மூட வேண்டாம்.