தரங்கம்பாடி பழைய ஊரைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

நேராகக் கோட்டைக்குப் போய்விடாதீர்கள். ஊர் வாசலில் நிற்கும் வெள்ளை நுழைவாயிலில் தொடங்குங்கள். 1792-இல் கட்டியது, மேலே டென்மார்க் அரச முத்திரை இருக்கும், அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனால் ராஜ வீதி கடல் வரை நேராக ஓடும், அங்கிருந்து எல்லாம் நடந்தே பார்க்கலாம்.

இந்த வீதியில் அவசரமே வேண்டாம். சீயோன் ஆலயம் 1701-இல் எழுந்தது, கொஞ்சம் தள்ளி 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம். 1706-இல் இங்கே வந்து இறங்கித் தமிழ் கற்று, அச்சகம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட சீகன்பால்குவின் கல்லறை அந்த இரண்டாவது ஆலயத்துக்குள்தான் இருக்கிறது. தமிழ் வாசிக்கிற யாரும் இதைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்பேன்.

அப்புறம் டான்ஸ்போர்க் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620-இல் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கட்டியது. 1845-இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள், பிறகு ரயில் நாகப்பட்டினத்துக்குப் போக, வியாபாரமும் அங்கே போய்விட்டது. பழைய வீடுகள் இத்தனை மிஞ்சியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே எனக்குப் படுகிறது.

கோட்டையோடு முடித்துக்கொள்ளாமல் கரையோரமாக மாசிலாமணிநாதர் கோயிலுக்கும் நடந்து போங்கள். டேனிஷ்காரர்களுக்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில் அது, முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. வெயிலுக்கு முன்பே கிளம்புங்கள், வீதியில் நிழல் குறைவு.