கம்பிரஷர் இடையிடையே நின்றுவிடும் குளிரூட்டி: ஓவர்லோட் கோளாறைக் கண்டறிதல்

சித்திரை வெயில் உச்சத்தில் நிற்கும் நாட்களில், படுக்கையறைக் குளிரூட்டி காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்க, அந்தக் காற்றில் குளிர்ச்சி மட்டும் இல்லாமற் போவதுண்டு. வெளியே சென்று பார்த்தால் வெளி அலகின் விசிறி சுழன்றுகொண்டிருக்கும். குளிரூட்டும் காஸை அழுத்திச் சுற்றவிடும் கம்பிரஷரின் இரைச்சல் கேட்காது. சற்று நேரம் காத்து நின்றால் ஒரு முனகலும், அதைத் தொடர்ந்து ‘டிக்’ என்ற சிறு ஒலியும் எழுந்து அடங்கும். ஓவர்லோட் பாதுகாப்பு விழுந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

ஓவர்லோட் என்பது இரு உலோகத் தகடுகளை ஒட்டிச் செய்த ஒரு சிறு வில்லை. கம்பிரஷரின் மூன்று முனைகளில், மோட்டரின் இரு சுருள்களும் சேரும் பொது முனைக்குச் செல்லும் வயரில் அது தொடராக இணைக்கப்பட்டிருக்கும். மின்னோட்டம் மிகுந்தாலும் வில்லை வளைந்து இணைப்பைத் துண்டிக்கும்; மின்னோட்டம் சரியாக இருந்து கம்பிரஷரின் உடல் மட்டும் கொதித்தாலும் துண்டிக்கும். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் செய்யும் திருத்தவேலை பெரும்பாலும் பணவிரயமாகவே முடியும். ஓவர்லோட்டை நீக்கிவிட்டு வயரை நேரடியாக இணைத்து ஓடவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. காவல் நாய் குரைக்கிறது என்பதற்காக அதன் வாயைக் கட்டுவதற்கு ஒப்பான அந்த வேலையின் விலை, எரிந்துபோன சுருளும் புதிய கம்பிரஷரும் ஆகும். வீட்டு மின்பலகையில் உள்ள ட்ரிப் சுவிட்ச் விழுவது வேறு கதை. அது விழுந்தால் முதலில் மின்கசிவையோ குறுக்குச் சுற்றையோ தேட வேண்டும்.

கருவிப்பெட்டியைத் திறக்குமுன் ஒரு கைக்கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிரஷர் ஓடத் தொடங்கியதிலிருந்து எத்தனை நேரத்தில் விழுகிறது என்பதே முதற் கேள்வி. சில விநாடிகளில் விழுந்தால் அது தொடங்க முடியாத கோளாறு. பத்து இருபது நிமிடம் ஓடிய பின் விழுந்தால் வெப்பத்தை வெளியேற்ற முடியாத கோளாறு அல்லது காஸ் குறைவு. விழும் தறுவாயில், வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீற்றர் காட்டும் அம்பியர் இரண்டாவது சான்று. 12,000 பி.ரி.யு. (குளிரூட்டும் திறனின் அளவு) கொண்ட சாதாரண, அதாவது கம்பிரஷரின் வேகத்தை மாற்றி ஓட்டும் இன்வேர்ட்டர் வகை அல்லாத, குளிரூட்டி 230 வோல்ற்றில் ஏறத்தாழ 5 அம்பியர் இழுக்கும். சரியான அளவை அலகின் பக்கத்தில் ஒட்டியுள்ள பெயர்ப்பலகை சொல்லும். தொடங்கும் கணத்தில் இது பல மடங்காக எழும்பி ஒரு விநாடிக்குள் இறங்க வேண்டும். இறங்காமல் அங்கேயே நின்றால் மோட்டர் சுழலவில்லை என்பது பொருள்.

மூடியைக் கழற்றுமுன் ரிமோட்டால் அணைப்பது போதாது. பிரேக்கரை விழுத்தி, மீற்றரால் மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அதன் பின்னரும், மோட்டரைத் தொடக்கிவைக்க உதவும் கப்பாசிற்றர் தன்னுள் மின்னேற்றத்தை வைத்திருக்கும். அதன் முனைகளைத் திருப்புளியால் குறுக்காகத் தொட்டுப் பொறி பறக்கவிடாமல், வயர் இணைத்த ஒரு பழைய இழை பல்ப்பை முனைகளில் வைத்து மின்னேற்றத்தை இறக்குவது பாதுகாப்பானது.

விநாடிகளில் விழும் கம்பிரஷரில் முதற் சந்தேகம் கப்பாசிற்றர் மீதே செல்ல வேண்டும். 12,000 பி.ரி.யு. அலகுகளில் 30 அல்லது 35 மைக்ரோபரட் அளவு வழமையாக இருக்கும். வயர்களைக் கழற்றி, கப்பாசிற்றர் அளக்கும் வசதியுள்ள மல்டிமீற்றரால் அளந்து, எழுதப்பட்ட அளவிலிருந்து நூற்றுக்கு 5 அல்லது 6 வீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றிவிடலாம். தலை வீங்கியிருந்தால் அளக்கவே தேவையில்லை. எங்கள் வீட்டில் ஒரே கோடையில் இருமுறை காஸ் நிரப்பி, இருமுறையும் பணம் கொடுத்த பிறகு, நானே திறந்து அளந்தபோது 35 என்று எழுதியிருந்த கப்பாசிற்றர் 22 காட்டியது. காஸ் அதுவரை குறைந்திருக்கவேயில்லை.

கப்பாசிற்றர் சரியென்றால் வோல்ற் அளவைப் பாருங்கள். வட இலங்கையின் வன்னியில் இதற்கு நகரங்களைவிடக் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். ஒட்டுசுட்டான், மாங்குளம் போன்ற பகுதிகளின் உட்கிராமங்களில் ட்ரான்ஸ்போமரிலிருந்து வீடு வெகு தூரத்தில் இருக்கலாம். அதே லைனில் தோட்டக் கிணறுகளின் மோட்டர்களும் ஓடும். இரவு ஏழு மணிக்கு எல்லா வீடுகளிலும் விளக்கும் விசிறியும் எரியும். மோட்டரின் தொடக்கத் திருப்புவிசை வோல்ற் அளவின் வர்க்கத்துக்கு ஏற்பவே கிடைக்கும். 230 வோல்ற் 180 ஆக இறங்கினால், விசை ஏறத்தாழ நூற்றுக்கு 61 வீதமாகிவிடும். ஆகவே, சும்மா இருக்கும்போது அளக்காமல், கம்பிரஷர் தொடங்கும் கணத்தில் வெளி அலகின் முனைகளிலேயே அளக்க வேண்டும். மின்பலகையில் 225 இருந்து அலகில் 195 ஆக விழுந்தால் குற்றம் வெளி லைனில் இல்லை, உங்கள் வயரில் இருக்கிறது. விளக்குக்கு இழுத்த மெல்லிய 1/1.13 வயரில் குளிரூட்டியை மாட்டியிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மின்பலகையிலிருந்து தனியாகத் தடித்த 7/0.67 வயர் இழுத்துத் தனிப் பிரேக்கர் போடுவதே முறை. மின்பலகையிலேயே குறைந்தால் மின்சாரம் வழங்கும் நிறுவனத்திடம் முறையிட வேண்டும். ஸ்டெபிலைசர் வாங்குவதாயின் மூன்று நிமிடத் தாமதம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மின்சாரம் போய் உடனே திரும்பினால், குழாய்களின் அழுத்தம் சமப்படுமுன் கம்பிரஷர் தொடங்க முயன்று விழும். அது கோளாறே அல்ல.

சற்று நேரம் ஓடிய பின், அதுவும் நண்பகலில் மட்டும், கூடிய அம்பியரில் விழுகிறதென்றால் வெளி அலகில் வெப்பத்தை வெளியேற்றும் மெல்லிய தகடுகளைப் பாருங்கள். சோளகக் காற்று கிளறும் செம்மண் புழுதியும், அறுவடைக் காலத்தில் வயலிலிருந்து வரும் வைக்கோற் தூசும் தகடுகளின் இடைவெளியை அடைத்துவிடும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக்காற்று அரித்த தகடுகள் கையிலேயே உதிரும். அவற்றைக் கழுவிப் பயனில்லை. மற்றவற்றை, பிரேக்கரை விழுத்தி, மின்பாகங்களை மூடி, சாதாரணக் குழாய் நீரை உள்ளிருந்து வெளிநோக்கிப் பாய்ச்சிக் கழுவலாம். வாகனம் கழுவும் அழுத்த இயந்திரம் தகடுகளை மடக்கிவிடும். விசிறி மந்தமாகச் சுழன்றால் அதன் சிறு கப்பாசிற்றரையும் அளக்க வேண்டும். வெயிலுக்காக அலகைச் சுற்றித் தகரம் அடித்தவர்கள் அதைக் கழற்றிவிடட்டும். நிழல் நல்லதுதான், ஆனால் வெளியேறிய வெப்பக்காற்றே மீண்டும் உள்ளே செல்லுமாயின் நிழலால் ஆவதொன்றுமில்லை.

அம்பியர் குறைவாக இருந்தும் கம்பிரஷர் தொட முடியாதபடி கொதித்து விழுந்தால், அப்போதுதான் காஸ் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். கம்பிரஷரின் மோட்டரைக் குளிர்விப்பது திரும்பிவரும் காஸ்தான். அது குறைந்தால் சுருள் வேகும். மெல்லிய குழாயில் பனி படிவதும் இதையே காட்டும். காஸ் எரிந்து தீரும் பொருளல்ல. குறைந்திருந்தால் ஏதோவோர் இணைப்பில் கசிகிறது, அதை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதே. இந்த வேலையைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள். காஸ் வகைகளில் ஆர்-32 தீப்பற்றக்கூடியது, ஆர்-410ஏ உயர் அழுத்தமுடையது. பெயர்ப்பலகையிலுள்ள கிராம் அளவுக்குத் தராசில் நிறுத்து ஏற்றுகிறாரா என்று மட்டும் அருகில் நின்று பாருங்கள்.

இவை யாவும் சரியாயிருந்தால் சுருளை அளக்கும் கட்டம் வருகிறது. மூன்று முனைகளின் வயர்களையும் கழற்றி அளந்தால், பொது முனைக்கும் மற்ற இரண்டுக்கும் இடையிலான தடைகளின் கூட்டுத்தொகை, அந்த இரண்டுக்கும் இடையிலான தடைக்குச் சமமாக வர வேண்டும், உதாரணமாக 2.5 ஓமும் 4 ஓமும் என்றால் 6.5 ஓம். எந்த முனைக்கும் வெளியுடலுக்கும் இடையே தொடர்பு காட்டினால் கம்பிரஷர் முடிந்தது. பொது முனை மட்டும் எதனோடும் தொடர்பின்றி, மற்ற இரண்டும் தமக்குள் தொடர்பு காட்டினால் அவசரப்படாதீர்கள்: சில கம்பிரஷர்களில் ஓவர்லோட் உள்ளேயே இருக்கும், அது ஆறுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் செல்லலாம். அந்த நேரத்தில் அளந்து ‘சுருள் அறுந்துவிட்டது’ என்று தீர்ப்பெழுதப்பட்ட நல்ல கம்பிரஷர்கள் எத்தனையோ. மறுநாட் காலை மீண்டும் அளந்து பாருங்கள்.

இன்வேர்ட்டர் வகையில் மேற்சொன்ன கப்பாசிற்றர்ச் சோதனை பொருந்தாது. மின்னோட்டத்தை அலகின் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையே கண்காணித்துப் பிழைக்குறியைக் காட்டும். பிரேக்கரை விழுத்திய பின்னும் அந்தப் பலகையில் 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட நேர்மின்னழுத்தம் சில நிமிடம் தங்கியிருக்கும். தகடுகளைக் கழுவுவதும் வோல்ற் அளப்பதும் உங்கள் வேலை; பலகையில் கைவைக்காதீர்கள், பல்லி நுழைந்து கருகியிருந்தாலும்கூட.

திருத்தி முடித்த பின் மாலைக் குளிரில் ஓடவிட்டுத் திருப்திப்பட வேண்டாம். அடுத்த நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு ஓடவிட்டு, அரைமணி நேரம் கழித்து அம்பியரைப் பெயர்ப்பலகையோடு ஒப்பிட்டு, அன்றிரவு ஏழு மணிக்கு அலகின் முனையில் வோல்ற் அளவையும் பார்த்துக் குறித்துவையுங்கள்.