வேலை அலுப்புக்கு நடுவே மன அழுத்தத்தைக் குறைத்துக்கொள்வது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில், விடியுமுன் பிரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு) புறப்படுபவரும், தொழிற்சாலைப் பேருந்துக்காகச் சாலையோரம் நிற்பவரும் ஒரே வீட்டில் இருக்கக்கூடும். அவர்களிடம் தினமும் ஒரு மணி நேரம் தியானம் செய்யச் சொல்வது, களைத்த தலையில் இன்னொரு வேலையை ஏற்றுவதாகும். ஏற்கெனவே செய்பவற்றைச் சற்று மாற்றிக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

தூக்கத்திலிருந்து தொடங்குங்கள். பெரியவர்களுக்கு நாளுக்கு 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். அதைக் கெடுப்பதில் மாலை நேரத் தே தாரிக்குக்கும் கோப்பிக்கும் பங்குண்டு. அவற்றிலுள்ள கஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே சுமார் 5 மணி நேரமாகும் என்பதால், மாலை 6 மணிக்குக் குடித்த கோப்பியின் வேகம் படுக்கப் போகும்போதும் முழுதாக அடங்கியிருக்காது. கடைசிக் குவளையைப் பிற்பகல் 3 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். அதற்காக நண்பர்களோடு கடையில் உட்காருவதை நிறுத்த வேண்டாம். அந்தப் பேச்சு மனத்துக்கு நல்லது. ஆயர் சுவாம் (வெதுவெதுப்பான வெறும் தண்ணீர்) ஒன்று வாங்கிக்கொண்டு அதே மேசையில் உட்காரலாம். (இஞ்சி சேர்ந்திருந்தாலும் தே ஹாலியாவும் தேநீர்தான்.)

இரவு ஷிப்டு முடிந்து வருபவர்கள், வெயில் ஏறித் தகரக் கூரை காய்வதற்கு முன்பே படுத்துவிட வேண்டும். ஜன்னலில் கனத்த துணியைத் தொங்கவிட்டு, கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவின் ஒலியை அணைத்து வைப்பதை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. உட்கார்ந்தே வேலை செய்பவர்கள் மாலையில் கோயில் வரை வேகமாக நடந்து வரலாம். நாள் முழுதும் அண்ணாந்து செம்பனைக் குலை வெட்டியவருக்கு அது வேண்டியதில்லை. அவர் குளித்தபின் தரையில் மல்லாந்து படுத்து, கைகளைப் பக்கவாட்டில் விரித்து, தோளும் பிடரியும் இளகும்வரை அப்படியே இருந்தால் போதும்.

பேருந்தில் செய்யக்கூடிய ஒன்று: 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெல்ல விடுங்கள். மூச்சை நிதானமாக வெளியேவிடும்போது இதயத் துடிப்பு தணியும். 5 நிமிடம் செய்தால் படபடப்புக் குறைவதை உணரலாம்.

ஆனால் மூச்சுப் பயிற்சி கடனை அடைக்காது. வங்கிக் கடன் தவணையே கவலைக்குக் காரணமென்றால், மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனத்திடம் கட்டணமின்றி ஆலோசனை பெற்று, தவணையை மாற்றியமைக்க வழி கேளுங்கள்.

தூக்கமும் பசியும் 2 வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். வாழ்வே வேண்டாமென்ற எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திராமல், சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண்ணான 15555-ஐ அழையுங்கள். வீட்டில் ஒருவரையாவது பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள்.