ஸ்கைடைவிங் புதியவர்களுக்கு: வாடகை ரிக் எதுவரை, சொந்த ரிக் எப்போது?

அமெரிக்காவில் பயிற்சியை முடித்து, குறைந்தது 25 முறை குதித்து, யூஎஸ்பிஏ எனப்படும் அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் ‘ஏ’ உரிமத்தைக் கையில் வாங்கியவர்கள் எல்லோரும் உடனே சந்திக்கும் கேள்வி இது. அதுவரை பயிற்சிக் கட்டணத்திலேயே அடங்கியிருந்த ரிக்கின், அதாவது பாராசூட் சாதனத் தொகுப்பின் வாடகை, உரிமம் வந்ததும் ஒவ்வொரு குதிப்புக்கும் தனியாக வசூலிக்கப்படுகிறது. டிராப் ஸோன் எனப்படும் குதிப்புத் திடல்கள் பலவற்றில் இது 25 முதல் 40 டாலர் வரை இருக்கும். விமானத்தில் ஏறுவதற்கான கட்டணமும் ஏறத்தாழ அதே அளவுதான் என்பதால், செலவு இரட்டிப்பாகிவிட்டது போல் தோன்றும்; உடனே சொந்தமாக வாங்கிவிடலாமா என்று மனம் கணக்குப் போடத் தொடங்கும். என் கருத்தில் அந்தக் கணக்கை முதலில் போடக் கூடாது. உங்கள் உடல் எடைக்கும் திறமைக்கும் ஏற்ற பாராசூட்டின் அளவு எது என்பது தெளிவான பிறகே பணக் கணக்குக்குப் பொருள் உண்டு. கீழே உள்ள படிகளை அந்த வரிசையில்தான் அமைத்திருக்கிறேன்.

படி 1: ரிக்கில் என்னென்ன இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள்

முதுகில் மாட்டிக்கொள்ளும் முழுத் தொகுப்பையும் ரிக் என்கிறோம். அதில் நான்கு பாகங்கள் உண்டு. தோளையும் தொடையையும் பிணைக்கும் ஹார்னஸும் அதனோடு சேர்த்துத் தைத்த பையும் கொண்ட கன்டெய்னர் முதலாவது. வழக்கமாக விரிக்கும் மெயின் பாராசூட் இரண்டாவது. மெயின் சரியாக விரியாதபோது உயிர் காக்கும் ரிசர்வ் மூன்றாவது. குறிப்பிட்ட உயரத்திலும் ஒருவர் ஆபத்தான வேகத்தில் விழுந்துகொண்டிருந்தால் ரிசர்வைத் தானாகவே திறந்துவிடும் ஏஏடி என்ற சிறு மின்னணுக் கருவி நான்காவது. உரிமம் பெற்றவர்களுக்கான சைப்ரஸ் வகை ஏஏடி, தரையிலிருந்து ஏறத்தாழ 225 மீட்டர் உயரத்தில், விநாடிக்கு 35 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விழுபவருக்காகச் செயல்படும்.

சட்டம் கேட்பதையும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் விதிப்படி ரிசர்வை 180 நாட்களுக்கு ஒருமுறை, ரிக்கர் எனப்படும், பாராசூட்டுகளைச் சோதித்து மடிக்கச் சான்றிதழ் பெற்ற வல்லுநர் ஒருவர் பிரித்துப் பார்த்து மீண்டும் மடித்து வைக்க வேண்டும். மெயினை நீங்களே மடித்துக்கொள்ளலாம். வாடகை ரிக்கில் இந்தப் பொறுப்பு டிராப் ஸோனுடையது. சொந்த ரிக்கில் அது உங்களுடையது.

படி 2: உங்கள் அளவைக் கணக்கிடுங்கள்

உங்கள் உடல் எடையோடு, உடை, ஹெல்மெட், ரிக் ஆகியவற்றின் எடையையும் கூட்டினால் வருவது வெளியேறும் எடை. இதைப் பவுண்டில் எடுத்துக்கொண்டு, பாராசூட்டின் பரப்பளவைச் சதுர அடியில் எடுத்து வகுத்தால் ஒரு சதுர அடி துணி எவ்வளவு எடையைச் சுமக்கிறது என்பது கிடைக்கும். புதியவர்களுக்கு இந்த எண் 1.0-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது பயிற்சியாளர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட வழிகாட்டுதல். எடுத்துக்காட்டாக, 75 கிலோ எடையுள்ளவர் ஏறத்தாழ 165 பவுண்டு; சாதனங்களுக்கு 25 பவுண்டு சேர்த்தால் 190. ஆகவே அவருக்கு 190 சதுர அடியோ அதைவிடப் பெரிதோ பொருத்தம்.

ஒல்லியான உடல்வாகு கொண்டவர்கள் இங்கே கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இதே கணக்கு 135 சதுர அடி என்று காட்டும். ஆனால் சிறிய பாராசூட்டில் கயிறுகளும் குட்டையாக இருப்பதால், வகுத்து வரும் எண் ஒன்றாகவே இருந்தாலும் அது பெரிய பாராசூட்டைவிட மிக விரைவாகத் திரும்பும், திரும்பும்போது அதிக உயரத்தையும் இழக்கும். ஆகவே எடை குறைந்தவர்கள் 1.0-க்கு வெகு கீழேயே, 150 அல்லது அதற்கு மேற்பட்ட அளவில் தொடங்குவதுதான் முறை. இதில் இறுதிச் சொல் உங்கள் தரையிறக்கங்களை நேரில் பார்த்த பயிற்சியாளருடையதாக இருக்கட்டும்.

படி 3: அளவு நிலைக்கும்வரை வாடகைக்கு எடுங்கள்

பயிற்சியின்போது 240, 260 சதுர அடி போன்ற பெரிய பாராசூட்டுகளில் பறந்தவர், அடுத்த சில மாதங்களில் 210-க்கும் பிறகு 190-க்கும் படிப்படியாக இறங்குவார். இந்த இறக்கம் நடந்துகொண்டிருக்கும்போது ரிக் வாங்கினால், ஒன்று விரைவில் விற்க வேண்டிய ஒன்றை வாங்குவீர்கள். அல்லது “பின்னால் உதவும்” என்று இன்றைய திறமைக்கு மீறிய சிறிய அளவை வாங்குவீர்கள். இரண்டாவதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். எல்லாம் நன்றாக நடக்கும் நாளில் சிறிய பாராசூட்டும் பணிவாகவே நடந்துகொள்ளும். காற்று திசை மாறி, திடலை விட்டு விலகி, அறியாத ஒரு வயலில் இறங்க வேண்டிய நாளில்தான் அதன் வேகம் ஒருவரின் முதுகெலும்பையும் கால்களையும் பதம் பார்க்கும்.

வாடகைக் காலத்தைக் கற்கும் காலமாகவே பயன்படுத்துங்கள். ஒரே அளவில் தொடர்ந்து பல முறை, வேறுவேறு காற்று நிலைகளில், குறிவைத்த இடத்துக்கு அருகே நின்றபடி இறங்க முடிந்த பிறகே அடுத்த அளவுக்குப் போங்கள். வாடகை ரிக்கை வாங்கும் ஒவ்வொரு முறையும் ரிசர்வ் கடைசியாக மடிக்கப்பட்டதைக் காட்டும் அட்டையில் உள்ள தேதி, மெயினின் அளவு, கைப்பிடிகள் இருக்கும் இடம் ஆகியவற்றை நீங்களே பாருங்கள். ஹார்னஸ் மாறும்போது கைப்பிடியும் சில அங்குலம் மேலே கீழே போயிருக்கும். ஆகவே மாட்டிக்கொண்டதும் அவற்றைத் தொட்டுப் பழகிய பிறகே விமானத்துக்கு நடக்க வேண்டும். கோளாறான மெயினைக் கழற்றிவிட்டு ரிசர்வில் இறங்க நேர்ந்து, மெயினோ கைப்பிடியோ தொலைந்துபோனால் அதற்கு யார் பணம் கட்டுவது என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். இடத்துக்கு இடம் விதி மாறும்.

ஆண்டுக்குச் சில முறை மட்டுமே குதிப்பவர்களுக்கு வாடகையே நிரந்தரமான நல்ல வழி. ‘ஏ’ உரிமம் பெற்றவர் 60 நாட்கள் குதிக்காமல் இருந்தால் பயிற்சியாளர் மேற்பார்வையில் ஒருமுறை குதித்துத் திறமையைப் புதுப்பித்துக்கொள்ளுமாறு யூஎஸ்பிஏ பரிந்துரைக்கிறது. அப்படிப்பட்ட இடைவெளிகள் அடிக்கடி நேர்பவருக்குச் சொந்த ரிக் அலமாரியில்தான் இருக்கும்.

படி 4: சிறியவற்றை முதலில் வாங்குங்கள்

உரிமம் வந்தவுடனேயே தயக்கமின்றி வாங்கத் தக்கவை உயரத்தைக் காட்டும் அல்டிமீட்டர், ஹெல்மெட், கண்ணாடி, ஜம்ப்சூட் ஆகியவை. இவற்றுக்குப் பாராசூட் அளவோடு தொடர்பில்லை; பல ஆண்டுகள் உழைக்கும். முதலில் அல்டிமீட்டர் வாங்குங்கள். ஒரே முகப்பை ஒவ்வொரு முறையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பதற்றமான நேரத்திலும் உயரம் சட்டென்று புலப்படும். காதருகே ஒலித்து எச்சரிக்கும் கருவி நல்ல துணைதான், ஆனால் அது மணிக்கட்டில் உள்ள அல்டிமீட்டருக்கு மாற்றாகாது.

படி 5: இப்போது பணக் கணக்கு

புதிய ரிக் ஒன்று முழுமையாக ஏறத்தாழ 7,000 முதல் 10,000 டாலர் வரை ஆகும். நல்ல நிலையில் உள்ள பழைய ரிக் அதில் பாதி விலையில் கிடைக்கும். உங்கள் ஊர் விலைகளை இந்த மாதிரிக் கணக்கில் பொருத்திப் பாருங்கள். ஏஏடி உட்பட 4,500 டாலருக்கு ஒரு பழைய ரிக்கை வாங்கி, ஓராண்டு கழித்து 3,600-க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். இழப்பு 900. ஆண்டுக்கு இரண்டு முறை ரிசர்வ் மடிக்க, தலா 100 வீதம் 200. ஆக, அந்த ஆண்டின் உண்மைச் செலவு 1,100 டாலர். வாடகை குதிப்புக்கு 30 என்றால், 37-ஆவது குதிப்பில் இரண்டும் சமமாகிவிடும். அதற்கு மேல் குதிப்பவருக்கு ஒவ்வொரு குதிப்பும் மிச்சம். கீழே உள்ளவருக்குச் சொந்த ரிக் நட்டம்.

படி 6: பழைய ரிக்கைச் சோதித்து வாங்குங்கள்

முதல் ரிக்காகப் பழையதை வாங்குவதையே நான் பரிந்துரைக்கிறேன், ஏனெனில் அடுத்த அளவுக்கு இறங்கும்போது அதை அதிக இழப்பின்றி விற்றுவிடலாம். ஆனால் ரிக்கர் பிரித்துப் பார்க்காத எதற்கும் முழுப்பணம் கொடுக்காதீர்கள். விற்பவர் ரிக்கை உங்கள் ஊர் ரிக்கருக்கு அனுப்பி, அவர் சரி என்ற பிறகு பணம் கைமாறுவது இந்த வட்டாரத்தில் இயல்பான நடைமுறை. அதற்கு ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரை விட்டுவிடுங்கள்.

முதலில் கன்டெய்னர். அதைத் தயாரிக்கும்போதே ஒருவரின் உடம்பளவுக்கும் குறிப்பிட்ட பாராசூட் அளவுகளுக்கும் ஏற்பத் தைக்கிறார்கள். தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்த சட்டையை இன்னொருவர் போட்டுக்கொள்வது போலத்தான் பழைய கன்டெய்னர் வாங்குவதும். ஹார்னஸ் நீளமாக இருந்தால் தோளில் இடைவெளி விழும், விழும் வேகத்தில் பை முதுகில் நகரும், கைப்பிடிகள் எதிர்பார்த்த இடத்தில் இருக்காது. எல்லாப் பட்டைகளையும் இறுக்கி, கைப்பிடிகளைப் பார்க்காமல் தொட முடிகிறதா என்று சோதியுங்கள். பிறகு உங்கள் மெயின், எடுத்துக்காட்டாக 190 சதுர அடி, அதில் அடங்குமா என்று தயாரிப்பாளரின் அட்டவணையைப் பாருங்கள். 150-க்காகத் தைத்த பையில் 190 அடங்காது. மிகப் பெரிய பையில் சிறியதை வைத்தால் பையை மூடும் ஊசியின் இறுக்கம் குறைந்து நேரமல்லாத நேரத்தில் திறக்கும் அபாயம் உண்டு.

அடுத்து ரிசர்வ். கன்டெய்னரில் உள்ள ஒரு சிறு பையில் ரிசர்வ் அட்டை இருக்கும். அதில் தயாரித்த தேதியும், எந்த ரிக்கர் எந்த நாளில் மடித்தார் என்ற பதிவுகளும் வரிசையாக இருக்கும். ரிசர்வ் பையை மூடும் ஊசியில் சிவப்பு நூலும் அதில் நசுக்கிய சிறிய உலோக முத்திரையும் அறுபடாமல் இருக்க வேண்டும், முத்திரையில் உள்ள எழுத்துகள் அட்டையில் உள்ளவற்றோடு ஒத்துப்போக வேண்டும். பர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ் நிறுவனத்தின் ரிசர்வ் துணியில் மடித்த முறைகளுக்கு 40 கட்டங்களும் விரித்த முறைகளுக்கு 25 கட்டங்களும் அச்சிட்டிருப்பார்கள். ஏதேனும் ஒரு வகைக் கட்டங்கள் எல்லாம் நிரம்பிவிட்டால் அதை மறுசோதனைக்கு நிறுவனத்துக்கே அனுப்ப வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ரிசர்வையோ கன்டெய்னரையோ மடிக்க மறுக்கும் ரிக்கர்கள் பலர் உண்டு. ஆகவே விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், உங்கள் ரிக்கர் அதைத் தொடுவாரா என்று முதலில் கேளுங்கள். ரிசர்வின் அளவும் முக்கியம்: அதில் இறங்கும் நாள் ஏற்கனவே மோசமான நாள் என்பதால், அது மெயினைவிட வெகு சிறியதாக இருக்கக் கூடாது.

மெயினில் துணியைவிடக் கயிறுகள் முன்னதாகத் தேயும். ஸ்பெக்ட்ரா வகைக் கயிறு, விரியும்போது கீழிறங்கும் துணிச் சதுரத்தின் உராய்வுச் சூட்டில் நாளடைவில் சுருங்கும். ஓரக் கயிறுகள் அதிகமாகச் சுருங்குவதால் பாராசூட் ஒழுங்காக விரிவதும் கெடும். சில நூறு குதிப்புகளுக்கு ஒருமுறை முழுக் கயிற்றுத் தொகுதியையும் மாற்ற வேண்டியிருக்கும். அந்தச் செலவு சில நூறு டாலர் என்பதால் அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.

ஏஏடி-க்கும் ஆயுள் உண்டு. பழைய சைப்ரஸ் கருவிகளுக்கு 12.5 ஆண்டுகள், அண்மைக்காலத்தில் தயாரானவற்றுக்கு 15.5 ஆண்டுகள், விஜில் என்ற மற்றொரு வகை ஏஏடி-க்கு 20 ஆண்டுகள். புதிய கருவி 1,300 டாலர் என்று கொண்டால், 15.5 ஆண்டு ஆயுளில் ஓராண்டின் மதிப்பு ஏறத்தாழ 84 டாலர். ஆகவே மூன்று ஆண்டுகள் மட்டும் மிச்சமுள்ள கருவிக்கு 250 டாலருக்கு மேல் கொடுப்பதில் நியாயமில்லை. தயாரித்த தேதி, செய்யப்பட்ட பராமரிப்பு, நிறுவனம் வெளியிட்ட பாதுகாப்பு அறிவிப்புகள் ஆகியவற்றை ரிக்கரிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

படி 7: புதிது வாங்குவதென்றால்

உங்கள் உடம்பளவுக்குப் பழைய கன்டெய்னர் கிடைக்காவிட்டால் புதிதாகத் தைக்கச் சொல்வதே வழி. அனுபவமுள்ள ஒருவரே அளவெடுக்க வேண்டும். தயாராகப் பல மாதங்கள் ஆகலாம் என்பதால் அதுவரை வாடகை தொடரும். இப்போது பறக்கும் அளவும் அதற்கு அடுத்த சிறிய அளவும் இரண்டுமே அடங்கும்படி பையைக் கேளுங்கள். புதிய கன்டெய்னரில் பழைய மெயினை வைத்துக்கொள்வது, செலவுக்கும் பாதுகாப்புக்கும் நடுவே நல்ல சமரசம். புதிய மெயின் வாங்க நினைத்தால், சில நிறுவனங்கள் சோதித்துப் பார்க்க அனுப்பும் பாராசூட்டில் முதலில் பறந்து பாருங்கள்.

படி 8: முதல் குதிப்புக்கு முன்

வாங்கிய ரிக்கை ரிக்கரின் அறையில் தொங்கவிட்டு, ஹார்னஸில் அமர்ந்தபடி மெயினைக் கழற்றுவது, ரிசர்வை இழுப்பது ஆகிய அவசரகால அசைவுகளை அந்தக் கைப்பிடிகளிலேயே பழகுங்கள். ரிசர்வ் மடிக்கும் நாளோடு இதைச் சேர்த்துக்கொண்டால், ரிக்கர் கண்ணெதிரே உண்மையாகவே இழுத்துப் பார்க்கலாம். எவ்வளவு விசை தேவை என்பது அப்போதுதான் கைக்குத் தெரியும். முதல் குதிப்பைக் காற்று குறைந்த நேரத்தில், தனியாக, வழக்கத்தைவிட அதிக உயரத்தில் விரித்துச் செய்யுங்கள். மேலே இருக்கும்போதே இடது, வலது திருப்பங்களையும், இறங்கும் தருணத்தில் செய்ய வேண்டிய முழு பிரேக்கையும் சில முறை செய்து பார்த்து, எந்த இடத்தில் பாராசூட் வேகம் இழந்து தொய்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு இறங்குங்கள்.